நகரத்துக்கு இதயம் இல்லையாம்... நடந்து பார்த்தீங்களா அய்யா?

போன மாசம் சொந்தத்துல ஒரு கல்யாண ரிசப்ஷன். பந்தியில எனக்குப் பக்கத்துல ஊர்லேர்ந்து வந்திருந்த பெரியப்பா (முறைதான், நேர் பெரியப்பா இல்லை). அந்தப் பக்கம் மாமா பையன். ரசம் வர்றதுக்கு முன்னாடியே பெரியப்பா ஆரம்பிச்சுட்டார்.

"என்ன இருந்தாலும் உங்க மெட்ராஸ் சரியில்லடா தம்பி. மனுசன் மனுசனாவே இல்ல. ரோட்டுல ஒருத்தன் விழுந்து கிடந்தாக்கூட எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்."

உடனே மாமா பையன் இடது கையால மொபைலை எடுத்து (வலது கையில சாம்பார்) ஒரு வீடியோ போட்டுக் காட்டினான். கண் தெரியாத ஒருத்தர் கைத்தடியைத் தட்டிக்கிட்டே ஒரு தெருவுல நடந்து போறார். வழியில இருக்கிற கடைக்காரங்க ஒவ்வொருத்தரா "சார், லெஃப்ட்ல வாங்க", "சார், வண்டி நிக்குது"ன்னு குரல் கொடுத்தே அவரைக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. பின்னணியில சோகமா ஒரு வயலின். கீழே கொட்டை எழுத்துல 'மனிதம் இன்னும் சாகவில்லை'. பெரியப்பாவுக்குக் கண்ணே கலங்கிடுச்சு. "அடடா... இப்படியும் ஜனங்க இருக்காங்களாடா?"

எனக்கு ரெண்டு பேர் மேலயும் ஒரே நேரத்துல கோவம் வந்தது. ஏன்னா அந்த வீடியோ எடுத்தது எங்க ஆதம்பாக்கத்துல. அந்த சாரை எனக்குத் தெரியும். அந்தக் குரல் ஒவ்வொண்ணும் யாரோடதுன்னு தெரியும். ஒரு நாள் அவர் விழுந்தப்போ திரும்பிப் பார்க்காமப் போனவன் யாருன்னும் தெரியும்.

கல்யாண வீட்டுல சண்டை எதுக்குன்னு அன்னிக்குப் பாயசத்தோட சேர்த்து முழுங்கிட்டேன். அதை இன்னிக்கு இங்க கக்கிடறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல சொந்தக்கதை. வயசு 28. நாலு வருச இன்ஜினியரிங் முடிச்சுட்டு ஊர்ல எல்லாரையும் போலப் பொட்டி தட்டுறேன். வீடு ஆதம்பாக்கத்துல ஏரிப் பக்கம். காலையில பரங்கிமலை ஸ்டேஷன், அங்கேர்ந்து மெட்ரோ. வீட்டுலேர்ந்து ஸ்டேஷனுக்கு நடந்தா அரை மணி நேரம், பைக்ல பத்து நிமிஷம். மூணு வருசம் பைக்லதான் போனேன். அந்த மூணு வருசத்துல அந்த ரோட்டுல என்னத்தைப் பார்த்தேன்னு கேட்டா... முன்னாடி போற வண்டியோட நம்பர் பிளேட், ஸ்பீட் பிரேக்கர், ராங் சைடுல வர்ற ஸ்கூட்டர். அவ்வளவுதான். மனுசங்க? அவங்க எல்லாம் 'குறுக்க வர்றவங்க'.

போன வருசம் ஒரு மழையில எஞ்சினுக்குள்ள தண்ணி போயிருச்சு. மெக்கானிக் அண்ணன் "ரெண்டு நாள்ல ரெடி பாஸ்"ன்னார். ரெண்டு நாள் மூணு வாரம் ஆச்சு (சாஃப்ட்வேர்காரன்கிட்டயே எஸ்டிமேட் விளையாட்டு!). வேற வழியில்லாம நடக்க ஆரம்பிச்சேன். வண்டி திரும்பி வந்த பிறகும் நடக்கிறதை நிறுத்தலை.

நடந்தா இன்ஸ்பிரேஷன் வரும், மனசு லேசாகும், கற்பனை ஊறும்னு சொல்லுவாங்க. பொய்யில்லை. அசோகமித்திரன் தி.நகர் நடேசன் பூங்காவுல உக்காந்து எழுதினவர். 'தண்ணீர்' நாவல்ல குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையற மெட்ராஸ் பெண்களை, கார் கண்ணாடிக்குள்ளேர்ந்து பார்த்த ஒருத்தரால எழுதியிருக்க முடியாது. ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா? அவர் எழுத்துல யாரும் தெய்வம் இல்லை, யாரும் பிசாசும் இல்லை. கஷ்டத்துல இருக்கிறவங்க முடிஞ்சா ஒத்தாசை பண்ணிப்பாங்க, முடியாதப்போ சண்டை போட்டுப்பாங்க. கஷ்டம் எதனாலன்னு அவர் மறைக்க மாட்டார். குடம் காலியா இருக்கிறது தெரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

நம்ம வீடியோக்காரங்க குடத்தை ஃபிரேமை விட்டு வெட்டிடறாங்க. அதுதான் என் முதல் கடுப்பு.

சரி, தெருவுக்கு வருவோம். நடக்க ஆரம்பிச்ச முதல் வாரத்துலயே ஒரு விஷயம் புரிஞ்சது. நான் மூணு வருசமா போயிட்டு வந்த ரோடு வெறும் ரோடு இல்லை, ஒரு பெரிய கூட்டுக் குடும்பம்.

இஸ்திரி வண்டி அண்ணன்கிட்ட அந்தத் தெருவுல பாதி வீட்டுச் சாவி இருக்கு. வேலைக்குப் போறவங்க சாவியைக் குடுத்துட்டுப் போவாங்க, ஸ்கூல் விட்டு வர்ற பசங்க வாங்கிப்பாங்க. கூரியர் பையனும் பார்சலை அவர்கிட்டதான் குடுத்துட்டுப் போவான். கோயில் முனையில பூக்கட்டுற அக்காகிட்ட ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் உண்டு. அவங்க உக்கார்றது தரையில, சாக்கு மேல. ஸ்டூல் யாருக்கு? மூச்சு வாங்கிக்கிட்டு வர்ற ஆயாக்களுக்கு. ஆட்டோ ஸ்டாண்டுல மண்பானைத் தண்ணி. டீக்கடையில ஜி.பே. மக்கர் பண்ணினா "நாளைக்குக் குடுங்க தம்பி, எங்க போயிடப் போறீங்க"ன்னுடுவாங்க. இந்த 'எங்க போயிடப் போறீங்க' எனக்கு ரொம்பப் பிடிச்ச வாக்கியம். நீ இந்தத் தெருக்காரன்னு இதை விட அழகா யாரும் சொன்னதில்லை.

1961-ல ஜேன் ஜேக்கப்ஸ்னு ஒரு அம்மா அமெரிக்க நகரங்களைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினாங்க. நியூயார்க்ல தன் தெருக்காரங்க வீட்டுச் சாவியைப் பக்கத்துக் கடைக்காரர்கிட்ட குடுத்து வைக்கிறதை அதுல சொல்லியிருப்பாங்க. நடைபாதையும் அதுல நிக்கிற சாதாரண ஜனங்களோட கண்ணும்தான் ஒரு நகரத்தைப் பத்திரமா வச்சிருக்குன்னு வாதாடியிருப்பாங்க. அந்தக் கடைக்காரரும் எங்க இஸ்திரி அண்ணனும் சந்திச்சா ஒரு டீ சாப்பிடலாம். ஆக, நகரத்துக்கு இதயம் இல்லைங்கிறது சுத்தப் புளுகு பெரியப்பா. மனுசன் நெருக்கமா நடமாடற எல்லா இடத்துலயும் அது இருக்கு.

இப்போ அந்த சார். ஏதோ ஒரு ஆபீஸ்ல டெலிபோன் ஆபரேட்டரா இருக்கார். பல வருசமா தினம் காலையில தனியா நடந்தே ஸ்டேஷனுக்குப் போறவர். வீடியோவுல வந்தது நடிப்பு இல்லை, தினமும் நடக்கிறதுதான். ரிலே ரேஸ் மாதிரி. பூக்கார அக்கா ஆரம்பிச்சு வைப்பாங்க: "சார், இன்னிக்கு டெம்போ நிக்குது, ரோட்டுப் பக்கம் வாங்க." அங்கேர்ந்து டீக்கடை: "நேரா வாங்க சார்... நேரா... அவ்ளோதான்." அப்புறம் இஸ்திரி அண்ணன். அப்புறம் இளநீர்க்கார அக்கா: "ரெண்டு அடி லெஃப்ட்ல வாங்க சார், பலகை ஒடைஞ்சிருக்கு." கடைசியா ஆட்டோ ஸ்டாண்டு. அங்க யாராவது ஒரு அண்ணன் கையைப் பிடிச்சு ரோட்டைத் தாண்டி விடுவார்.

முதல் தடவை பார்த்தப்போ எனக்கும் தொண்டை அடைச்சுது, ஒத்துக்கறேன். அடுத்த வாரம்தான் வேற கேள்வி வந்தது. இத்தனை குரல் ஏன் தேவைப்படுது? அந்த மனுசனுக்குக் கைத்தடி இருக்கு. அந்தப் பாதை அவருக்கு மனப்பாடம். எங்க தெருவுலயே எல்லாரை விடவும் தெளிவா நடக்கத் தெரிஞ்சவர் அவர்தான். பாதை ஒரே மாதிரி இருந்தா அவருக்கு யாரோட குரலும் வேண்டாம். ஆனா பாதை தினமும் மாறுது. நேத்திக்கு இல்லாத டெம்போ இன்னிக்கு நிக்குது. முந்தாநாள் இல்லாத பேனர் கம்பம் நேத்திக்கு முளைச்சிருக்கு. பிளாட்பாரம்னு ஒண்ணு இருக்கிற இடத்துல அது மழைநீர் வடிகாலோட மூடி. முழங்கால் உயரத்துல ஏறும், திடீர்னு இறங்கும், நடுவுல இ.பி. பெட்டி, அதுக்கு அடுத்து ஒரு வீட்டுக்காரர் கார் ஏத்தறதுக்குக் கட்டின சிமெண்ட் சரிவு. நான் ஒரு நாள் டெஸ்டிங் டீம் கணக்கா ஒவ்வொரு தடங்கலா எண்ணிக்கிட்டே போனேன். நாப்பதைத் தாண்டினதும் விட்டுட்டேன்.

இனிமே சொல்லப்போறதை எழுதத் தயக்கமாத்தான் இருக்கு.

நடக்க ஆரம்பிச்சு ஒரு பத்து நாள் இருக்கும். சட்டை வாங்க நின்னப்போ இஸ்திரி அண்ணன் என்னை உத்துப் பார்த்துட்டு, "தம்பி, நீங்க சிவப்பு ஹெல்மெட்டுதானே? முன்னாடி பைக்ல போவீங்க?"ன்னார். ஆமாண்ணேன்னேன். "அதான் பார்த்தேன். சார் அன்னிக்கு விழுந்தாரே, அப்போ நீங்ககூட ஹாரன் அடிச்சுட்டு சுத்திப் போனீங்க."

அவர் சொன்ன தொனியில குத்தம் சொல்றது துளிகூட இல்லை. ஆளை அடையாளம் கண்டுபிடிச்ச சந்தோஷம்தான் இருந்தது. அதுதான் என்னைக் கொன்னுடுச்சு.

எனக்கு ஞாபகம் இருந்தது. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி. ஒன்பதரைக்கு ஸ்டாண்ட்-அப் கால். ரோட்டோரமா ஒருத்தர் கீழ கிடந்தார், பக்கத்துல தடி. கண்ணாடியில ஒரு செகண்ட் பார்த்தேன். 'யாராவது பார்த்துப்பாங்க'ன்னு நினைச்சுக்கிட்டேன். பார்த்துக்கிட்டாங்க. இஸ்திரி அண்ணன் பெட்டியைச் சட்டை மேல அப்படியே வச்சுட்டு ஓடியிருக்கார். சட்டை கருகிப் போய், அதுக்குக் காசும் குடுத்திருக்கார். டீக்கடைக்காரர் ஆட்டோ பிடிச்சிருக்கார். சாருக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு. நான் ஒன்பதரை காலுக்குக் கரெக்டா போயிட்டேன். 'நோ பிளாக்கர்ஸ்'னு சொல்லியிருப்பேன்.

அப்போ பெரியப்பா சொன்னது சரிதானே, திரும்பிப் பார்க்காதவன் இருக்கான் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கான். ஆனா நான் கெட்டவனா? (அம்மா இல்லைன்னு சொல்றாங்க.) அதே நான், அதே தெருவுல நடந்து போனப்போ, பூக்கார அக்காவோட கூடை சரிஞ்சதுக்கு உக்காந்து பூ பொறுக்கினேன். ஆள் மாறலை. வேகம்தான் மாறிச்சு.

இது என் சொந்தச் சால்ஜாப்பு இல்லை. 1973-ல ஜான் டார்லி, டேனியல் பேட்சன்னு ரெண்டு உளவியல்காரங்க அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல பண்ணின ஒரு சோதனையை வெளியிட்டாங்க. பாதிரியார் படிப்பு படிக்கிற மாணவர்களைக் கூப்பிட்டு, பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு பேச்சுக் குடுக்கணும்னாங்க. சில பேருக்குத் தலைப்பே பைபிள்ல வர்ற நல்ல சமாரியன் கதை, அதாவது அடிபட்டுக் கிடந்தவனுக்கு ஒரு வழிப்போக்கன் உதவின கதை. சில பேர்கிட்ட 'நேரம் இருக்கு'ன்னாங்க, சில பேர்கிட்ட 'லேட் ஆயிடுச்சு, ஓடுங்க'ன்னாங்க. போற வழியில ஒரு ஆளைச் சுருண்டு இருமிக்கிட்டுக் கிடக்கிற மாதிரி உக்கார வச்சிருந்தாங்க. அவசரம் இல்லாதவங்கள்ல 63 சதவீதம் பேர் உதவினாங்க. ரொம்ப அவசரப்பட்டவங்கள்ல வெறும் 10 சதவீதம். நல்ல சமாரியனைப் பத்திப் பேசப் போறோமா, வேற எதையாவது பேசப் போறோமாங்கிறது பெரிய வித்தியாசம் எதையும் பண்ணலை!

உபதேசத்தை மண்டையில வச்சுக்கிட்டே தாண்டிப் போயிருக்காங்க. என்னை மாதிரியே.

இதுக்கு எதிர்க்கதையும் எங்க ஏரியாவுலயே இருக்கு. 2015 டிசம்பர் வெள்ளம். நான் அப்போ காலேஜ். ஆதம்பாக்கம், வேளச்சேரி, மடிப்பாக்கம்னு சுத்துவட்டாரம் பூரா தண்ணி. கரெண்ட் இல்லை, போன் இல்லை. மாடி வீட்டுக்காரங்க கதவைத் திறந்து விட்டாங்க. அதுவரைக்கும் பேர்கூடத் தெரியாத எதிர்வீட்டுக்காரரோட எங்க அப்பா பால் பாக்கெட் தேடி இடுப்பளவு தண்ணியில போனார். 'சென்னையோட மனிதாபிமானம்'னு ஊரே கொண்டாடிச்சு. தண்ணி வடிஞ்சதும் அது எங்க போச்சுன்னு எல்லாரும் வருத்தப்பட்டோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ அதே மனிதாபிமானம் திரும்ப வந்தது, திரும்பப் போச்சு. எங்கயும் போகலைங்க. அந்த நாட்கள்ல வண்டி ஓடலை. அப்பார்ட்மெண்ட்காரரும் வீட்டுவேலை பண்ற அக்காவும் ஒரே தண்ணியில, ஒரே வேகத்துல, பக்கத்துல பக்கத்துல நடந்தாங்க. நடந்ததால முகம் தெரிஞ்சது. முகம் தெரிஞ்சதால 'சாப்டீங்களா'ன்னு கேட்டாங்க. தண்ணி வடிஞ்சது, வண்டியை ஸ்டார்ட் பண்ணினோம், முகம் மறைஞ்சது. அவ்வளவுதான் ரகசியம்.

மனிதாபிமானம் வளரணும்னு மேடை போட்டுப் பேசறவங்ககிட்ட எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். தயவு செஞ்சு அன்பைப் பத்திப் பேசாதீங்க. பிளாட்பாரம் போடுங்க. மீதியை ஜனங்க பார்த்துப்பாங்க.

நல்லதைப் பாராட்டினா என்ன தப்பு, உனக்கு எதைப் பார்த்தாலும் நொட்டைதானான்னு மாமா பையன் கேட்பான். பாராட்டு ராசா. ஆனா கதையோட மீதியையும் கேட்டுக்கோ.

சார் விழுந்தது எங்க தெரியுமா? உடைஞ்ச வடிகால் பலகை இருக்கிற அந்த இடத்துல. அங்க குரல் கொடுக்கிறது இளநீர்க்கார அக்கா. அன்னிக்கு அவங்க இல்லை. அண்ணன் பொண்ணுக்குக் காதுகுத்துன்னு ஊருக்குப் போயிருந்தாங்க. பல வருசத்துல ஒரு ரெண்டு நாள் லீவு. திரும்பி வந்து விஷயம் கேள்விப்பட்டதும் அந்த அக்கா அழுதிருக்காங்க. என்கிட்டயே ஒரு தடவை சொன்னாங்க: "நான் மட்டும் போகாம இருந்திருந்தா சாருக்கு இப்படி ஆயிருக்காது தம்பி."

இதைக் கேட்டதுலேர்ந்துதான் எனக்கு அந்த வயலின் வீடியோ ஆகவே மாட்டேங்குது. யோசிச்சுப் பாருங்க. வெயில்ல நின்னு இளநீர் வெட்டற அக்காவுக்குக் குற்ற உணர்ச்சி. பலகையை மாசக்கணக்கா உடைஞ்சபடியே விட்டவங்களுக்கு? அதைக் கேட்கிற பொறுப்புல இருக்கிற நம்மள மாதிரி வரி கட்டுற, பெட்டிஷன் எழுதத் தெரிஞ்ச, இங்கிலீஷ் பேசத் தெரிஞ்ச ஆளுங்களுக்கு? ஒண்ணும் கிடையாது. நமக்கு நெகிழ்ச்சி. ஏழைங்க நல்லவங்களா இருக்கிறதைப் பார்த்து நமக்கு இன்ஸ்பிரேஷன்!

கருணைக்கு லீவு உண்டு. அதுக்குக் காய்ச்சல் வரும், காதுகுத்து வரும், வீட்டுல சண்டை வரும். உண்டாகணும், இருக்கணும், அது மனுசங்க விஷயம். பிளாட்பாரத்துக்கு லீவு கிடையாது. அது செய்ய வேண்டிய வேலையை ஒரு இளநீர்க்காரம்மா தலையில கட்டிட்டு, அதுக்கு 'மனிதம்'னு பேர் வச்சு லைக் போடறது பாராட்டு இல்லை. ஓசியில வேலை வாங்கறது.

அய்யய்யோ, சென்னையில இடமே இல்லைப்பான்னு ஒரு வாதம் உண்டு. இடம் இல்லாமலா தி.நகர் பாண்டி பஜார்ல 2019-ல அகலமா நடைபாதை போட்டாங்க? அங்க குழந்தைங்க ஓடறதையும் தாத்தா பாட்டிங்க பெஞ்சுல உக்காந்து கதை பேசறதையும் போய்ப் பாருங்க. புடவை எடுக்கப் போற இடத்துல முடியும்னா, தினமும் வேலைக்குப் போற பாதையில ஏன் முடியாது? இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி நடைபாதைக்குக் குறைஞ்சது 1.8 மீட்டர் தடங்கல் இல்லாத அகலம் வேணும், உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது. ரோட்டோரமா ஓசியில நிக்கிற ஒரு காரோட அகலமும் ஏறக்குறைய அதேதான். இடம் இருக்கு சாமி. அதைக் காருக்குக் குடுத்திருக்கோம்.

பிளாட்பாரக் கடைங்களைத் தூக்கினா எல்லாம் சரியாயிடும்னு இன்னொரு கோஷ்டி. இவங்களைக் கண்டாதான் எனக்கு ரொம்பப் பயம். அந்தப் பூக்கார அக்காவைத் தூக்கிட்டு யார் குரல் கொடுக்கப் போறா? பூட்டின கேட்டா? நடைபாதை வியாபாரிங்களுக்குன்னு 2014-லயே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருக்கு. அவங்களுக்கும் இடம் ஒதுக்கி முறைப்படுத்தணும்னுதான் அது சொல்லுது. நடக்கிறவங்களுக்கும் இடம், விக்கிறவங்களுக்கும் இடம். இடிக்கறது அவங்க கூடை இல்லை, நம்ம வண்டி.

இதெல்லாம் அரசாங்கத்துக்குத் தெரியாதான்னா, நல்லாவே தெரியும். 2014-லயே சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்குன்னு ஒரு கொள்கை நிறைவேத்திச்சு. போக்குவரத்து நிதியில 60 சதவீதம் நடக்கிறவங்களுக்கும் சைக்கிள்காரங்களுக்கும். 2018-க்குள்ள 80 சதவீதத் தெருக்கள்ல நடைபாதை. படிச்சா கண்ணுல தண்ணி வரும், அவ்வளவு அருமையான கொள்கை. 2018 போய் எவ்வளவு வருசம் ஆச்சு? உங்க வீட்டைச் சுத்தி ஒரு பத்துத் தெருவுல நடந்து, எட்டுல பிளாட்பாரம் இருக்கான்னு நீங்களே எண்ணிப் பாருங்க. 2025 மே மாசம் உச்ச நீதிமன்றமும் தெளிவாச் சொல்லிடுச்சு: தடங்கல் இல்லாத நடைபாதை, அரசியல் சட்டத்தோட 21-வது பிரிவு தர்ற வாழும் உரிமையிலேயே அடக்கம்னு. அதாவது சாருக்கு அந்தத் தெருவுல கிடைக்க வேண்டியது உதவி இல்லை, உரிமை.

ஒரு சின்ன விஷயம் சொல்றேன். மெட்ரோ ஸ்டேஷனுக்குள்ள தரையில மஞ்சள் கலர்ல புள்ளியும் கோடுமா ஓடு பதிச்சிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. அழகுக்கு இல்லை அது. கண் தெரியாதவங்க காலாலயும் தடியாலயும் தடவித் தெரிஞ்சுக்கறதுக்கு. ஜப்பான்ல செய்ச்சி மியாகேங்கிறவர் கண்டுபிடிச்சது. 1967-ல ஒகாயாமா நகரத்துல ஒரு பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துலதான் முதல் முதலா ரோட்டுல பதிச்சாங்க. அங்க தெருவுல பிறந்த ஓடு நம்ம ஊருக்கு வந்து ஸ்டேஷனுக்குள்ள சொகுசா இருக்கு! சார் ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "ஸ்டேஷனுக்குள்ள போயிட்டா நான் ராஜா தம்பி. வாசப்படி தாண்டினா மறுபடி குருடன்."

எங்க ஊர்க்காரங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது, யார் கேட்பாங்கன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். 2011-ல சென்னையோட சேர்றதுக்கு முன்னாடி ஆதம்பாக்கம் ஆலந்தூர் நகராட்சியில இருந்தது. 1990-கள் கடைசியில ஆலந்தூர்ல பாதாளச் சாக்கடை வேணும்னு வந்தப்போ, நகராட்சித் தலைவரா ஆர்.எஸ்.பாரதி இருந்த காலம், குடியிருப்போர் சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசி, குழாய் போடறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு 5,000 ரூபாய் வசூல் பண்ணினாங்க. ஜனங்க குடுத்தாங்க. திட்டம் நடந்தது. இன்னிக்கும் நகராட்சிகளைப் பத்திப் படிக்கிறவங்க ஆலந்தூரை உதாரணமாச் சொல்லுவாங்க. மண்ணுக்கு அடியில கழிவு ஒழுங்காப் போகணும்னு கையில இருந்த காசைப் போட்ட ஊருங்க இது. மண்ணுக்கு மேல மனுசன் ஒழுங்காப் போகணும்னு கேட்க மாட்டோமா?

நானும் கேட்டேன். அந்த உடைஞ்ச பலகைக்கு ஆன்லைன்ல ஒரு புகார் போட்டேன், போட்டோவோட. நாலாம் நாள் 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது'ன்னு மெசேஜ். போய்ப் பார்த்தா பலகை அப்படியே வாயைப் பிளந்துக்கிட்டு இருக்கு. நாம பண்ற அதே வேலை. 'எங்க மெஷின்ல வருது சார்'னு பக்கை மூடறோமே! மறுபடி போட்டேன். மறுபடி தீர்ந்தது. மூணாவது தடவை ஆன்லைன்ல போடலை. இஸ்திரி அண்ணன், டீக்கடைக்காரர், ரெண்டு ரிட்டயர்டு சார்கள், நான்னு அஞ்சு பேரா நேர்ல போய் நின்னோம். மனு இங்கிலீஷ்ல எழுதினது மட்டும்தான் என் பங்கு. பேசினது எல்லாம் டீக்கடைக்காரர். ஒன்பது நாள் கழிச்சுப் புதுப் பலகை வந்தது.

பெரிய வெற்றின்னு எல்லாம் பீத்திக்கலை. ஒரே ஒரு பலகை. இ.பி. பெட்டி அங்கேயேதான் இருக்கு, டெம்போ இன்னும் நிக்குது. ஆனா இளநீர்க்கார அக்கா அந்த இடத்துல இப்போ குரல் கொடுக்கிறதில்லை. சார் அந்தப் பக்கம் வரும்போது "வணக்கம் சார்"ங்கறாங்க, அவரும் நின்னு நாலு வார்த்தை பேசிட்டுப் போறார். போன வாரம் மழை வருமா வராதான்னு ரெண்டு பேரும் பந்தயம் கட்டிக்கிட்டு இருந்தாங்க. எச்சரிக்கை பண்ற வேலை போனதும் அவங்களுக்குள்ள பேச வேற விஷயம் நிறைய இருக்கு. எனக்கு அதைப் பார்க்கத்தான் பிடிச்சிருக்கு. அதுக்கு வயலின் எல்லாம் தேவைப்படலை.

நான் அவர்கிட்ட அந்த சிவப்பு ஹெல்மெட் விஷயத்தைச் சொல்லிட்டேன். சொல்லாம இருக்க முடியலை. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அன்னிக்கு உங்களுக்கு ஆபீஸ் லேட்டா?"ன்னு கேட்டார். ஆமா சார்ன்னேன். "எனக்கும்தான்"ன்னார்.

பெரியப்பா, அடுத்த தடவை சென்னை வந்தா கல்யாண மண்டபத்தோட திரும்பிடாதீங்க. எங்க வீட்டுக்கு வாங்க. கார் வேண்டாம், ஸ்டேஷன்லேர்ந்து என்கூட நடந்து வாங்க. வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கோங்க, பாதை அப்படி. மூச்சு வாங்கினா கோயில் முனையில ஸ்டூல் இருக்கு.

பி.கு: இதைப் படிக்கிற பொட்டி தட்டுற மக்கா, உங்க வண்டியை எங்க நிறுத்தறீங்கன்னு இன்னிக்கு ஒரு தடவை பாருங்க. என் பைக் மூணு வருசம் எங்க நின்னதுன்னு நான் சொல்லலை இல்ல? பூக்கார அக்காவுக்கு எதிர்ல, பிளாட்பாரத்து மேல.